கரிநாக்கு

மாலைப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்து விமர்சகருக்கு ஊரறிந்த திறமை ஒன்று உண்டு. சிறந்த நடிகை விருது இன்னாருக்குத்தான் என்று அவர் எழுதிவிட்டால், அந்த இன்னார் அன்று மாலை வெறுங்கையோடு வீடு திரும்புவார். ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை. அலுவலகத்தில் அவருக்குக் ‘கரிநாக்கு’ என்று பெயர்.

இந்த வருடம் போட்டியில் மூன்று பேர். ஒருத்தி உச்ச நட்சத்திரம். இன்னொருத்தி விமர்சகரின் சொந்த மச்சினி. மூன்றாமவள் நாடகத்திலிருந்து வந்த புதுமுகம்.

விருது நாள் காலையில் நட்சத்திரத்தின் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தான். சட்டைக் கைக்குள் அவன் புஜம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

“சார், தங்கச்சிதான் ஜெயிப்பான்னு எழுதிடாதீங்க.”

“ஏன் தம்பி, பிரமாதமா நடிச்சிருக்காங்களே.”

“அதையும் எழுதிடாதீங்க.”

மேசையில் காகிதங்கள்மேல் பாரமாக வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, பூ வைப்பதுபோல் திரும்ப வைத்தான். அந்த மென்மையைப் பார்த்ததும் விமர்சகர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

அவன் போனதும் மாமியார் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, சின்னவ பேரை எழுதினீங்கன்னா என் பொண்ணு உங்களோட வாழ மாட்டா.”

“எந்தப் பொண்ணு, அத்தை?”

“உங்க பொண்டாட்டிதான். பக்கத்துலதான் நிக்கறா, தலையாட்டறா.”

விமர்சகர் புதுமுகத்தின் பெயரைத் தட்டினார். அவளுக்காக யாரும் வரவில்லை, யாரும் போன் செய்யவில்லை. அவள் படத்தை அவர் பார்த்ததுமில்லை. அதனால் புகழ்வது சுலபமாக இருந்தது.

மாலையில் வீட்டுச் சோபாவில் மனைவிக்கும் மாமியாருக்கும் நடுவே டிவி முன் உட்கார்ந்தார். மேடையில் உறையைப் பிரித்தார்கள்.

புதுமுகம் ஜெயித்துவிட்டாள்.

விருதை அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். “எனக்காகப் பேச யாருமே இல்ல. ஒரே ஒரு விமர்சகர் நம்பினார்” என்று சொல்லி, அவர் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் தெளிவாக உச்சரித்தாள்.

மாமியார் மெதுவாகத் திரும்பினார். “அப்போ உங்களுக்குச் சரியா சொல்லவும் வரும்.”

“சத்தியமா வராது, அத்தை.”

“யாரோ ஒருத்திக்கு வந்துச்சே. சொந்த மச்சினி பேரை எழுத மட்டும் கை கூசுச்சாக்கும்.”

மனைவி டிவியை அணைத்துவிட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். அவளுடையதா, தன்னுடையதா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் கார் நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள், மிகமிக மென்மையாக.