தாடையில் கட்டிய கம்பி

சோலையம்மாள் வீட்டு அடுப்படியில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கட்டிங் பிளேயர் தொங்கும். சூடான சட்டியை இறக்க, இறுகிப்போன மூடியைத் திருக, எல்லாவற்றுக்கும் அதுதான். வந்தவர்கள் யாராவது "இதென்ன, கரண்ட் வேலை பாக்குற வீடா?" என்று கேட்டால் சிரித்துக்கொள்வாள். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு இரண்டாயிரத்து நான்காம் வருசத்துச் சித்திரை ஞாபகம் வந்துவிடும். அப்படி ஒரு சித்திரை இனி வராது. வரவும் வேண்டாம், தாயே! ஆனாலும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவள் புருசன் சங்கிலிமுத்துவின் முகத்தைச் சிவகாசியில் பாதிப்பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. ஆட்டோவில் மைக்கோடு உட்கார்ந்தால் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் அவன் வாயால்தான், பட்டாசுக்கடைத் திறப்புவிழாவும் அவன் வாயால்தான். பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலில் காணாமல்போன பிள்ளைகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுவதும் அவனே. சரி, வீட்டுக்கு வந்தாலாவது அந்த வாய் ஓயுமா? சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சு, கொட்டாவிக்கு நடுவிலும் பேச்சு. காலண்டர் கம்பெனியில் நாள் முழுக்கக் காலண்டர் தலைமாட்டில் தகரப்பட்டி அடித்துவிட்டு வரும் சோலையம்மாள், தன் கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறப்பாள். அதற்குள் அவன் அடுத்த கதைக்குப் போயிருப்பான்.

அந்த வருசம் பங்குனிக் கடைசியில், திருத்தங்கல் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பைக் ஒரு பக்கம் போனது, சங்கிலிமுத்து ஒரு பக்கம் போனான். மைல்கல்லில் தாடை மோதி இரண்டு இடத்தில் உடைந்தது. நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் மேல்பல் வரிசையையும் கீழ்பல் வரிசையையும் சேர்த்துவைத்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஊருக்குப் புறப்படும் நாளில் நர்ஸ் எவாஞ்சலின் ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விருதுநகர்க்காரி, கலகலப்பானவள்.

"எக்கா, இங்கன பாருங்க. முகத்துல மொத்தம் பதினாலு எலும்பு. இது கன்ன எலும்பு, கண்ணுக்குக் காவல். இது மூக்குத்தண்டு. இது மேல்தாடை. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டு அசையாமக் கெடக்கும். அசையுறது இந்தக் கீழ்த்தாடை ஒண்ணுதான். மெல்றது, பேசுறது எல்லாத்துக்கும் இதுதான்."

"பதிமூணு எலும்பு சும்மா கெடக்கு. இந்த ஒத்த எலும்ப மட்டும் ராப்பகலா ஆட்டுனா அது ஒடையாம என்னம்மா செய்யும்?" என்றாள் சோலையம்மாள்.

எவாஞ்சலின் விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலில் கிடந்தவன் முறைத்தான். பதில் சொல்ல முடியாமல் அவன் முறைத்தது அதுதான் முதல் தடவை.

எவாஞ்சலின் மண்டையோட்டின் கண்குழிக்குள் விரலை விட்டு, மூக்கோரமாகத் தொட்டுக் காட்டினாள். "நகத்தளவு இருக்குல்ல? இது கண்ணீர் எலும்பு. முகத்துலயே சின்னது இதுதான். கண்ணுத்தண்ணி இந்த வழியா மூக்குக்குள்ள எறங்கும். அதான் அழுதா மூக்கும் ஒழுகுது. அண்ணனுக்கு இப்ப மூக்குதான் மூச்சு. சளி பிடிக்காமப் பாத்துக்கோங்க. ஒரு கட்டிங் பிளேயரு எப்பவும் கைக்கிட்ட இருக்கட்டும். வாந்தி வந்து மூச்சு முட்டுச்சுன்னா, யோசிக்காமக் கம்பிய வெட்டிட்டு ஓடியாங்க. வேற எதுக்கும் வெட்டிறாதீக. ஆறு வாரத்துக்கு முன்னால அவுத்தா தாடை கோணலாக் கூடிரும். அண்ணனோட பேச்சு பழையபடி வராது."

அன்றிலிருந்து கட்டிங் பிளேயர் சோலையம்மாளின் மடியிலேயே இருந்தது.

வீடு அமைதியானது. கஞ்சித் தண்ணியும் ரசமும் உறிஞ்சுகுழாயில் இறங்கின. ஒருநாள் தெருமுக்குக் கடையிலிருந்து எண்ணெய்ப் புரோட்டா வாசனை வந்து, சங்கிலிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொறுக்காமல் இரண்டு புரோட்டாவைச் சால்னாவோடு மிக்சியில் அடித்து வடிகட்டிக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிய அழகை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

சும்மா இருக்க முடியாமல் அவள் பேச ஆரம்பித்தாள். சின்ன வயதில் ஆலங்குளத்தில், சுண்ணாம்புக்கல் உடைத்துவிட்டு வரும் அப்பாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்ததைச் சொன்னாள். தகரப்பட்டி விரலைக் கிழித்த அன்றைக்கு, கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் அழுததைச் சொன்னாள். அவன் கேட்டான். புருவத்தைத் தூக்கினால் "அப்புறம்?", தலையை ஆட்டினால் "அடப்பாவமே!" அவ்வளவுதான் அவன் பாஷை. கல்யாணமாகி ஏழு வருசத்தில் அவள் அவ்வளவு பேசியதே இல்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவரத் தோன்றியது அந்த நாட்களில்தான்.

நாலாவது வாரம் சித்திரைப் பொங்கல் வந்தது. தெருமுனைக் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள். அதில், சங்கிலிமுத்துவுக்குப் பதிலாக மைக் பிடித்த மொக்கைச்சாமியின் குரல் வந்தது. "ஒரு பையன்... செவப்புச் சட்டை... ஏலே, அழுவாம பேரச் சொல்லித் தொலைலே... ஆங், யாரோ ஒரு பையன் இங்கன நிக்கான்..."

சங்கிலிமுத்து கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். அவள் மடியைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான், கோயில் பக்கம் கையை நீட்டினான். கம்பியை வெட்டு என்கிறான்!

"ஆறு வாரம்னா ஆறு வாரம். கோண வாயோட காலம்பூரா மொனங்கப் போறீகளா?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"ஊராம்பிள்ள பேரையெல்லாம் மூணு மூணு தடவ கூப்பிடுறீக. எம்பேர ஒரு தடவ சொல்லிருக்கீகளா? 'ஏ புள்ள', 'இந்தா', 'அடியே'. ஏழு வருசமா இதான். எனக்குன்னு எங்கய்யா ஒரு பேரு வச்சாரு. அது ஒங்களுக்கு ஞாபகமாவது இருக்கா?"

கும்பிட்ட கையை இறக்கிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். அவன் கண் நிறைந்து, பொலபொலவென்று கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மூக்கில் தண்ணீர் இறங்கி அடைத்துக்கொண்டது. மூச்சு இழுத்தான், வரவில்லை. பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று வந்த காற்று போதவில்லை. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது.

"ஐயோ!" என்று கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியில் வைத்துவிட்டாள். ஒரு அழுத்து அழுத்தினால் மூச்சு வந்துவிடும், குரல் போய்விடும். வாந்தி இல்லையே, இது கண்ணீர்தானே என்று அப்போதுதான் உறைத்தது. எவாஞ்சலின் விரல்வைத்துக் காட்டிய அந்த நகத்தளவு எலும்பு கண்முன் வந்தது.

பிளேயரைக் கீழே போட்டாள். அவன் தலையைக் குனியவைத்து, முந்தானையை மூக்கில் பிடித்தாள். "சீந்துங்க! நல்லா சீந்துங்க! அழுகாதீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அழுது கிழுது செத்துராதீக!"

சீந்தினான். இன்னொரு தடவை சீந்தினான். மூச்சு வந்தது. அதன்பிறகு இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பல்லுக்குள்ளேயே 'இஸ் இஸ்' என்று சிரித்தான்.

ஆறு வாரம் முடிந்து மதுரையில் கம்பியை எடுத்தார்கள். "அண்ணே, ஏதாவது பேசுங்க பாப்போம்" என்றாள் எவாஞ்சலின். சோலையம்மாள் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலிமுத்து தாடையை மெல்ல அசைத்தான், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்தான்.

"புரோட்டா" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மனசு சப்பென்று ஆகிவிட்டது. பஸ்ஸில் அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான், அவள் பெயர் ஒன்றைத் தவிர. வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்றான். போகட்டும் என்று விட்டுவிட்டாள். மறக்கவில்லை.

மறுவருசச் சித்திரைப் பொங்கலில் அவள் கோயில் பக்கம் வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தாள். குழாயில் அவன் குரல், பழைய கணீரென்ற குரல்.

"பக்த கோடிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஆலங்குளம் பெத்தணன் மகள் சோலையம்மாள்... சோலையம்மாள்... ஊதாச் சேலை கட்டியிருப்பாக. காணாமப் போனது அவுக இல்லைங்க, அவுக வீட்டுக்காரரு. எட்டு வருசமா வழி தெரியாமத் திரிஞ்ச மனுசன், இப்ப மேடைகிட்ட வந்து நிக்காரு. சோலையம்மாள் எங்கிருந்தாலும் வந்து அவரைக் கூட்டிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்."

வளையல்காரி, "யாரும்மா அந்தப் புண்ணியவதி?" என்று சிரித்தாள். சோலையம்மாள் கையிலிருந்த வளையலைத் திருப்பி வைத்தாள். கண் நிறைந்து மூக்குக்கு இறங்கியது.

எந்த அறிவிப்பையும் மூன்று தடவை சொல்வது அவன் வழக்கம். அவள் அவசரப்படவில்லை. மூன்றாவது தடவையும் தன் பெயரைக் கேட்டு முடித்துவிட்டு, முந்தானையில் மூக்கைச் சீந்திக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தாள்.