சோற்றை நிறுத்தியவர்கள்

பல வருடமாக அண்ணன் தங்கை சொன்னபடிதான் சாப்பிட்டார். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். சர்க்கரை நோயாளிகளுக்கு எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்புவதுதான் வேலை. அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; அவருக்கும் சர்க்கரை நோய். தங்கை கொடுத்த அட்டவணையை வரி பிசகாமல் பின்பற்றினார். முழுத்தானிய ரொட்டி, அளவாகச் சோறு, ஆடை எடுத்த பால். சர்க்கரை என்னவோ ஏறிக்கொண்டேதான் போனது. கூடவே மாத்திரையும்.

"எனக்குத் தெரியாம எதையாவது வாயில போட்டுக்கறியாண்ணா?" என்று ஒருநாள் அண்ணி முன்னாலேயே கேட்டுவிட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகுதான் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அடியோடு முழுக்குப் போட்டார். முட்டை, மீன், இறைச்சி, கீரை, வெண்ணெய் என்று ஆரம்பித்தார். வேறொரு டாக்டரைப் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல மாத்திரையை ஒவ்வொன்றாகக் குறைத்தார். சில மாதத்தில் தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. சர்க்கரை நல்ல பிள்ளையாக அடங்கி உட்கார்ந்தது. கெட்ட கொழுப்பு மட்டும் ஏறியிருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டினாள்.

"ஒண்ணுதானே ஏறியிருக்கு? உன் பேச்சைக் கேட்டப்ப எல்லாமே ஏறுச்சே" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினாள். ஒன்று ஆமாம் என்றது, இன்னொன்று பொறு என்றது. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. கடைசியில், நோயாளிகளுக்கும் இதைச் சொல்லலாமா என்று தலைமை டாக்டரிடமே போய்க் கேட்டாள்.

"உங்க அண்ணனுக்கு ஒத்துக்கிச்சு, சந்தோஷம். ஆனா இங்க அச்சடிச்சு வந்த அட்டவணையைத்தான் சொல்லணும். நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றார் அவர்.

சாயங்காலங்களில் அவளை அழைத்துப்போக வரும் அண்ணன், அவள் அறைக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் வகுப்பெடுக்கத் தொடங்கினார். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"சர்க்கரை ஜாஸ்தின்னு சொல்றாங்க. அப்புறம் சர்க்கரையா மாறுற சோத்தையே சாப்பிடச் சொல்றாங்க. கூட்டிக்கிட்டே போனா விடை எப்படிங்க குறையும்?"

பெஞ்சு கொல்லென்று சிரிக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் காது சுடும். காரில் சண்டை போட்டுப் பார்த்தாள். "நான் பொய்யா சொல்றேன்?" என்பார்.

அந்தப் பெஞ்சில் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு தையற்காரம்மாவும் இருந்தார். ஒருநாள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், உங்க அண்ணன் சொல்றது நிஜமா? உங்களைத்தான் நம்பறேன்."

பதில் அவளுக்குத் தெரியும். ஊசி போடுகிறவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, ஊசி அளவைக் குறைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், வாங்க சேர்ந்து டாக்டரைப் பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அண்ணனுக்குப் பரிந்து பேசியதாகிவிடும்.

"அட்டவணைல இருக்கறபடியே சாப்பிடுங்கம்மா" என்றாள்.

"சரிங்க மேடம்." தையற்காரம்மா மரியாதையாகச் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

போனவர் அண்ணன் பேச்சையே நம்பிச் சோற்றையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டார். ஊசியை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். குறைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் சிக்கி முறிந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார்.

அண்ணன் வார்டு வாசலில் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நான் சாப்பாட்டைப் பத்தித்தானே சொன்னேன்..."

"உனக்கு டாக்டர் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைச்சாரே, அதை ஏண்ணா சொல்லல?"

"சொன்னதா ஞாபகம்... இல்ல, சொல்லலைன்னுதான் நினைக்கிறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்டயும் கேட்டாங்களாமே. நீ என்ன சொன்ன?"



மறுநாள் தலைமை டாக்டரிடம் மன்றாடினாள். "சோத்தை விடறவங்க நாம வேண்டாம்னாலும் விடத்தான் போறாங்க சார். ஊசியை எப்படிக் குறைக்கணும்னாவது நாம சொல்லிக் கொடுக்கலாமே."

"பார்த்தீங்களா? இதுக்குத்தான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர். மத்தியானத்துக்குள் பெஞ்சுக்கு மேல், வெளியாட்கள் உட்காரக் கூடாது என்று ஒரு பலகை ஏறிவிட்டது. அதோடு சரி.

வார்டுக்குப் போனபோது சாப்பாட்டு வண்டி வந்திருந்தது. தையற்காரம்மாவின் தட்டில் ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் சூப். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சாப்பிட்டா ஏறுது. சாப்பிடாட்டி விழுந்துடறேன். இப்பவாச்சும் சொல்லுங்க மேடம், நான் என்னதான் சாப்பிடறது?"

"இன்னிக்கு இதைச் சாப்பிடுங்கம்மா."

"நாளைக்கு?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அவருடைய இடது கை எட்டும் பக்கமாக வைத்தாள்.