இரவல் வாத்து

"உன் வாயால நீயே போய்ச் சொல்லிட்டா நல்லது, பெலிசா. கபித்தான் ஆளை விட்டுச் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்."

பெலிசாவின் கணவன் கிரிஸ்புலோ தன் மூன்று சக்கர வண்டியிலிருந்து சிவப்புத் தீயணைப்பு உருளையை இறக்கி அடுப்படி வாசலில் வைத்தான். பின்னாலேயே முதலுதவிப் பெட்டி, ஒரு சாக்கு நிறைய வண்ணக் கட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டி நாற்காலிகள் என்று வரிசையாக வந்தன. கடைசியில் சக்கரம் வைத்த மஞ்சள் மர வாத்து ஒன்று. அதற்கு ஒரு கண் இல்லை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் பெலிசா. வாணலியில் கருவாடு கருகும் வாசனை வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்பது பிள்ளைங்க. தினமும் என் மடியில வந்து உக்கார்ற பிள்ளைங்க. நாளைக்கு மட்டும் வராதீங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

"ஆய்வு அன்னிக்கு அவங்களும் வந்தா எடம் பத்தாது. எடம் பத்தலேன்னா பாலர் மையத்துக்கு அனுமதி கெடையாது. அனுமதி போனா உன் வேலை போச்சு, பிள்ளைங்க கஞ்சியும் போச்சு. அந்த ஒன்பது பேருக்கும் சேத்துத்தான் போச்சு. இத நானா சொல்றேன்? கணக்கு சொல்லுது."

"கணக்கா சொல்லுது? ஊருக்குத் தலைவரா இருக்குற கபித்தான் சொல்றாரு. முப்பத்தோரு பிள்ளையில யார வெளிய நிறுத்தணும்னு கணக்குல எங்க இருக்கு?"

கிரிஸ்புலோ வாணலியை இறக்கிவைத்தான். "கருகிப் போச்சு," என்றான்.

அந்த வளைகுடாவில் இருந்த பாலர் மையங்களுக்கெல்லாம் சேர்த்துத் தீயணைப்பு உருளை ஒன்றே ஒன்றுதான். மாகாண அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஊர் ஊராக வருவார். அவர் ஓர் ஊரில் கோழி சூப்பைக் குடித்துவிட்டு வாயைத் துடைப்பதற்குள் சாமான்கள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. அண்டை வீட்டில் ஒரு பிடி உப்புக் கேட்டால் இல்லையென்பார்களா? பாலர் மையம் நடத்த வேண்டும் என்று ஆணை போட்டவர்கள் அதற்கு ஒரு பக்கெட்கூட வாங்கித் தந்ததில்லை. ஆனால் ஒரு பக்கெட் குறைந்தால் அதற்கு மதிப்பெண் கழிக்க ஆள் அனுப்புவார்கள். ஆய்வுக்கு ஊரே திருவிழாக் கோலம் பூணும். ஆண்கள் வண்ணத்தாள் தோரணம் கட்டுவார்கள், பெண்கள் காய்ந்த தேங்காய் மட்டையைக் காலால் தேய்த்துத் தேய்த்துத் தரையைப் பளபளப்பாக்குவார்கள்.

அந்தப் பளபளப்பில் பஜாவ் பிள்ளைகளின் கால் படக்கூடாது. விஷயம் அவ்வளவுதான். பஜாவ் மக்கள் கடலுக்குள் கம்பு நட்டு வீடு கட்டி வாழ்கிறவர்கள். கடலில் கிடைப்பதை விற்று, கிடைக்காத நாளில் பட்டினி கிடப்பார்கள். ஊர்க்காரர்கள் அவர்களிடம் மீன் வாங்குவார்கள், கையைத் தொடாமல் காசைக் கல்லின்மேல் வைத்துவிட்டு. அவர்கள் பிள்ளைகளை மையத்தில் சேர்த்தது பெலிசா. ஒருவரையும் கேட்காமல் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஊர்த் தாய்மார்கள் "பேன் வருது", "மீன் நாத்தம் அடிக்குது" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது அறைக்கு இத்தனை பிள்ளைதான் என்ற விதி கையில் கிடைத்துவிட்டது. அருவருப்பை விதியின் பெயரால் சொன்னால் யார் கேட்பது?

கபித்தானின் ஆள் போவதற்குமுன் தானே சொல்வது மேல் என்று, பொழுது சாயும் நேரத்தில் பெலிசா மூங்கில் பாலத்தில் நடந்து பஜாவ் பெண் சல்பாயாவின் வீட்டுக்குப் போனாள். சல்பாயா பாய் முடைந்துகொண்டிருந்தாள். அவள் மகள் ஜல்மா டீச்சரைக் கண்டதும் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பிள்ளைங்கள அனுப்ப வேணாம்," என்று பெலிசா பாயைப் பார்த்துச் சொன்னாள். "மத்த வீட்டுலயும் சொல்லிரு."

"யாருக்காச்சும் காய்ச்சலா டீச்சர்?"

"இல்ல. பெரிய எடத்துலருந்து பாக்க வர்றாங்க."

சல்பாயாவின் கை நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாளைக்கு நல்ல வத்தம், கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். விடியறதுக்கு முன்னால சிப்பி பொறுக்கப் போகணும். தண்ணி ஏறுற வரைக்கும் திரும்ப மாட்டோம். இவள எங்க கொண்டு போய் விடுறது?"

"ஒரு நாள்தானே... பாத்துக்கோ."

இந்த வார்த்தையைச் சொன்ன தன் வாயின்மேல் அவளுக்கே வெறுப்பாக இருந்தது. திரும்பி வரும்போது பாலத்தின் மூங்கில்கள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. சல்பாயா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மறுபடி பாய் முடைய ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆய்வாளர் டெல்பினா வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய, கால் வீங்கிய பெண்மணி. வந்ததும் கழுத்தில் பூமாலை, கையில் இளநீர். தட்டில் வேகவைத்த அரிசிப் பலகாரம். கபித்தான் எவாரிஸ்தோ இஸ்திரி போட்ட சட்டையில் ஆறடி உயரத்துக்கு நின்றார். ஊர்த் தலைவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கபித்தான்தான். இடுப்பில் பேரன் டோடோய், அந்தப் பிள்ளையின் இடுப்பில் தொளதொளவென்று அணையாடை.

"இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார் டெல்பினா.

"மூணு முடிஞ்சிருச்சு மேடம். எங்க குடும்பத்துல எல்லாருமே வளர்த்தி கம்மி."

டெல்பினா அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போனார். ஊர் மன்றத்து ஆட்களின் வீட்டுப் பிள்ளைகளில் இப்படி ஆறு பேர் அங்கே இருந்தார்கள். நடக்கவே சரியாகத் தெரியாதவை. வீட்டுப் பெண்கள் சந்தைக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பெலிசா இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "உனக்கு இந்த வேலைய யாரு குடுத்தா?" என்று கபித்தான் சிரித்துக்கொண்டே கேட்பார். சிரிப்பு வாயில்தான் இருக்கும்.

ஆய்வாளர் நாடாவை விரித்து அறையை அளந்தார். இருபத்தைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம். வந்திருந்தது இருபத்திரண்டு. கபித்தான் மீசையைத் தடவிக்கொண்டார். ஆய்வாளர் தீயணைப்பு உருளையைத் தட்டிப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து மூடினார். வாத்தின் முன் வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த வாத்து எனக்கு நல்லாத் தெரிஞ்ச வாத்து," என்றார். "போன வாரம் அக்கரையில பாத்தேன். நேத்து பக்கத்து ஊருல பாத்தேன். என்னைவிட அதிகமா ஊர் சுத்துது."

கபித்தான் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வாத்து இருக்கான்னு கேள்வி இருக்கு. இருக்குன்னு எழுதிட்டுப் போறேன். வருஷக்கணக்கா இதத்தான் பண்ணிட்டிருக்கேன்." குரலில் சலிப்பு கனத்தது.

அப்போது கஞ்சி நேரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வரிசையாகக் கைகழுவும் தொட்டிக்குப் போனார்கள். பெலிசா தினமும் சொல்லிக்கொடுக்கும் பாட்டைத் தொடங்கினார்கள். உள்ளங்கை தேய், புறங்கை தேய், விரலிடுக்கு தேய் என்று பாடிக்கொண்டே தேய்த்தார்கள். இரண்டாவது அடியில் பாட்டு இரட்டிப்பாகக் கேட்டது.

வேலிக்கு வெளியே ஒன்பது பிள்ளைகள் நின்றார்கள். கையில் தட்டு. பசிக்கு ஆய்வு நாள் தெரியுமா? தாய்மார்கள் கடலுக்குப் போனதும் கால்கள் தினமும் வரும் வழியில் வந்துவிட்டன. உள்ளே வரக்கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது. தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் இல்லாத கைகளைத் தேய்த்து, பிசகாமல் பாடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஜல்மா, கண்ணை மூடிக்கொண்டு.

"ஏய், போ! போ!" கபித்தான் வேலியை நோக்கி விரைந்தார். "ஒண்ணுமில்ல மேடம், பிச்சைக்காரப் பசங்க. ஆள் வந்தா மோப்பம் புடிச்சு வந்துரும்."

"பிச்சைக்காரப் பசங்களுக்குக் கை கழுவுற பாட்டு எப்படித் தெரியும்?" என்றார் டெல்பினா. பிறகு பெலிசாவின் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. இவங்க யாரு?"

கபித்தான் அவளைப் பார்த்தார். வண்டியின் அருகில் நின்ற கிரிஸ்புலோவும் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. அவள் வேலை போனால் அவன் வண்டி ஒன்றை வைத்துத்தான் குடும்பம் ஓட வேண்டும். அவளுக்கும் அது தெரியும். பயம்தான். அதைவிடப் பெரிதாக, நேற்று சாயங்காலம் அந்தப் பாலத்தில் தன்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகாமல் நின்றது.

"என் பிள்ளைங்க மேடம். தினமும் வர்றவங்க. நாந்தான் இன்னிக்கு வர வேணாம்னு சொன்னேன்." பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "அந்த உருளை எங்களுது இல்ல. நாற்காலி எங்களுது இல்ல. வாத்தும் எங்களுது இல்ல. எங்களுது எதுவோ அது வெளிய நிக்குது."

ஊர்ப் பெண்களில் ஒருத்தி "ஐயோ, இவளுக்கென்ன பைத்தியமா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

டெல்பினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தின நாள் வேர்வையையும் சேர்த்துத் துடைப்பவர்போல முகத்தைத் துடைத்தார். "டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க. அவங்கள எண்ணினா உங்களுக்கு எடம் பத்தாது. அனுமதி தர முடியாது. வெளிய நிக்கிற பிள்ளைய எழுத என்கிட்ட எடமே கெடையாது. உள்ள வந்தாத்தான் எண்ண முடியும்."

"அப்ப எண்ணுங்க," என்றாள் பெலிசா. போய் வேலிக் கதவைத் திறந்தாள்.

ஒன்பது பேரும் கபித்தானைச் சுற்றிக்கொண்டு, மினுமினுத்த தரையில் ஈரக் கால்தடம் பதிய உள்ளே வந்து, தொட்டியில் கைகழுவினார்கள். பாட்டை முதலிலிருந்து பாடினார்கள். ஆய்வாளர் தலைகளை எண்ணி எழுதினார். முகப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "சாமான்கள் யாவும் உள்ளன. சுத்தம் திருப்தி. குறை ஒன்று: குழந்தைகள் அதிகம். மூன்று மாதத்துக்குள் விதிப்படி குறைக்க வேண்டும். அதன்பின் அனுமதி."

குழந்தைகள் மையத்தின் ஒரே குறை, குழந்தைகள். பெலிசாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வண்டியில் ஏறும்போது டெல்பினா அவளை அருகில் அழைத்தார். "கோழி சூப் நல்லா இருந்தது," என்றார் உரக்க. பிறகு குரலைத் தாழ்த்தி, "விதிப்படின்னு எழுதியிருக்கேன். விதி உங்க செவுத்துலயே ஒட்டியிருக்கு. ஒருத்தரும் படிக்கிறதில்ல," என்று சொல்லிவிட்டு, வலிக்கும் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே உருளையும் நாற்காலிகளும் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. வாத்தும் போயிற்று. கபித்தான் மையத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். "குறைக்கணும்னு எழுதியாச்சு. யாரக் குறைக்கணும்னு நான் சொல்லணுமா? திங்கக்கிழமை அந்த ஒன்பதும் உள்ள இருக்கக்கூடாது. இருந்தா நீயும் இருக்க மாட்ட."

பெலிசா அவர் போன பிறகு சுவருக்குப் போனாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தத் தாளை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முழுவதும் படித்தாள். மையத்தில் சேர வயது மூன்று நிரம்பியிருக்க வேண்டும். பஜாவ் பிள்ளைகளைப் பற்றியோ மீன் நாற்றத்தைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. அவள் விரல்விட்டு எண்ணினாள். முப்பத்தொன்றில் ஆறு போனால் இருபத்தைந்து. வீட்டுக்குப் போய்க் கிரிஸ்புலோவிடம் சொன்னாள். அவன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "வண்டி எப்படியும் ஓடும்," என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை காலை பெலிசா வேலிக் கதவருகே நின்றுகொண்டாள். ஜல்மா முதலில் வந்தது, பின்னால் மற்ற எட்டுப் பேர். அவர்களை உள்ளே விட்டாள். ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க அவர்களுக்கும் ஆள் இல்லை.

கபித்தான் பேரனோடு வந்தார். பிள்ளையை வழக்கம்போல அவள் கையில் திணித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்பது பேரையும் கண்டதும் முகம் மாறியது.

"நான் என்ன சொன்னேன்?"

"குறைக்கச் சொன்னீங்க. குறைச்சிட்டேன், கபித்தான். விதிப்படி." பெலிசா டோடோயின் அணையாடையைச் சரிசெய்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "மூணு வயசு முடியட்டும். முத ஆளா நானே வந்து கூட்டிட்டு வர்றேன். உங்க மன்றத்து ஆளுங்க வீட்டுப் பிள்ளைங்க மத்த அஞ்சு பேருக்கும் இதான்."

"உன் சம்பளத் தாள்ல இனி யாரு கையெழுத்துப் போடுறான்னு பாக்குறேன்."

"பாருங்க."

அவர் நகரவில்லை. கத்தவும் முடியவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பேரன் உள்ளே போக வேண்டும் என்று கையை நீட்டி வீறிட்டான். மருமகள் சந்தையில். கபித்தானுக்கு ஒன்பது மணிக்கு நகர மண்டபத்தில் கூட்டம். இஸ்திரிச் சட்டையின்மேல் மெல்ல ஈரம் பரவுவதை அவர் குனிந்து பார்த்தார்.

"ஏய், நான் கூட்டத்துக்குப் போகணும். இவன எங்க கொண்டு போய் விடுறது?"

பெலிசா வேலிக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

"பாத்துக்கோங்க, கபித்தான்," என்றாள். உள்ளே பிள்ளைகள் கைகழுவத் தொடங்கியிருந்தார்கள்.