குமிழி பார்க்கும் ஓப்ரென்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, கதவிடுக்கில் கேட்டது. சாச்சாக் நகரத்தில் ஒரு கண் மருத்துவர் அறைக்கு வெளியே என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. எழுந்து சாத்தியிருக்கலாம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

"குடிப்பீங்களா?"

"ஐயையோ, இல்ல டாக்டரம்மா! குடிகாரன்னு எங்க குடும்பத்துலயே ஆள் கிடையாது."

"காலையில?"

"காலையில ஒண்ணு, வயித்துக்கு நல்லது. யாராச்சும் வந்தா ஒண்ணு. வேலைக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு. வீட்டுல காய்ச்சின பிளம் சாராயம், சுத்தமான பழம். அதைப் போய்க் குடிப்பழக்கம்னு சொல்வாங்களா?"

பிறகு மேசைமேல் 'டக்'கென்று ஒரு சத்தம். "இது உங்களுக்குத்தான். நானே காய்ச்சினது."

(இங்கே யாரும் மருத்துவரிடம் வெறுங்கையோடு போவதில்லை.)

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை. "இத்தனை வருஷம் ஊத்தினதுல கண்ணு நரம்பு வாடிப்போச்சு. சாப்பாடு சரியில்ல, சிகரெட் வேற. இன்னையோட நிறுத்தி, ஒழுங்கா சாப்பிட்டு மாத்திரை போட்டா கொஞ்சம் திரும்பி வரலாம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா உங்களுக்கு நிக்காது. அப்புறம் போனது போனதுதான். அந்தக் குப்பிய எடுத்துட்டுப் போங்க."

குப்பியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காது நுனிவரை சிவந்திருந்தது. அவருக்கு ஓப்ரென் என்று பெயர் வைத்தது நான்தான்.

2

அவரைப் பற்றி நான் எழுதிய கதையின் முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "யாரோ விற்ற விஷச் சாராயத்தைக் குடித்த ஓப்ரெனுக்கு ஒரே இரவில் பார்வை—"

அடித்துவிட்டேன். அப்படிக் கண் போகிறவர்கள் உண்டு. ஓப்ரென் குடித்தது கெட்ட சரக்கல்ல, தன் கையால் காய்ச்சிய நல்ல சரக்கு. ஊர் கேட்டால் அவரும் இதே விஷக் கதையைத்தான் அவிழ்த்துவிடுவார். நான் எதற்கு அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

இரண்டாம் தொடக்கம் குடைமிளகாயிலிருந்து. செப்டம்பரில் சுட்டு அரைத்து வைப்பதற்காகச் சிவப்பாகப் பார்த்துப் பறித்துவரச் சொன்னாள் மனைவி ஸ்தான்கா. கூடையில் பாதி பச்சை.

"ஏய் மனுஷா, கண்ணு பிடரியிலயா இருக்கு?"

"பச்சையும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு..."

முதலில் நிறம் மங்கியது. பிறகு நடுப்பார்வை. நேராகப் பார்த்தால் எதிராளியின் முகத்தில் சாம்பல் அப்பியதுபோல் இருக்கும். ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். ஸ்தான்காவின் முகம் வேண்டுமென்றால் தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். "நான் பேசுறப்ப மூஞ்சியத் திருப்பாதே" என்று அவள் எரிந்து விழுவாள். கண் மருத்துவரிடம் போனதையே அவர் அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு வெட்கம்.

3

நவம்பர். பக்கத்து வீட்டுக்காரன் வுகாஷின், தன் மகனுடைய கல்யாணத்துக்குச் சாராயம் காய்ச்சுகிறான். ஊரார் கூடியிருக்கிறார்கள், ஸ்தான்காவும் வந்திருக்கிறாள். கொட்டகையில் செப்புக் கொப்பரை கொதிக்கிறது, குழாயில் சாராயம் சொட்டுகிறது. அதைக் குப்பியில் பிடித்துக் குலுக்கினால் மேலே குமிழி கட்டும். ஓரத்தில் மாலைபோல் நின்றால் நல்ல வலு. சட்டென உடைந்தால் வலு இறங்கிவிட்டது, நல்லதோடு கலக்காமல், சொட்டுவதைப் பிடிக்கும் பாத்திரத்தை உடனே மாற்ற வேண்டும். அந்த ஊருக்கே குமிழி பார்த்துச் சொல்வது ஓப்ரென்தான்.

(வலுவை அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. அதை வாங்கினால் ஓப்ரெனை நம்பவில்லை என்று ஆகிவிடும், யாரும் வாங்குவதில்லை.)

மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.

"மாஸ்டரே, பாருங்க. நிக்குதா, உடையுதா?" குப்பியை நீட்டினான் வுகாஷின்.

ஓப்ரென் குலுக்கினார், வெளிச்சத்துக்குத் தூக்கினார். குப்பி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். அப்படியும் இப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். குப்பி தெரிந்தது, குமிழி தெரியவில்லை.

"என்ன மாஸ்டர், நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தான்காவும் சிரித்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, சொட்டிக்கிட்டே இருக்கு! கண்ணுல முடியலேன்னா நாக்குல வெச்சுச் சொல்லுங்க." வுகாஷின் ஒரு சின்ன கிளாஸில் பிடித்து அவர் கையில் திணித்தான்.

ஒரு மடக்கு போதும், வலுவைப் புட்டுப்புட்டு வைத்துவிடுவார். மானம் தப்பிவிடும்.

4

இப்போது முடிவு. அவர் "எனக்குக் கண்ணு தெரியலடா" என்று சொல்வதாக எழுதிப் பார்த்தேன். நான் எழுதிய ஊரார் அத்தனை பேரும் உடனே நல்லவர்களாகி அவர் தோளைத் தட்டினார்கள். எனக்கே கூச்சமாகிவிட்டது, கிழித்தேன். குடிப்பதாகவும் எழுதினேன். மடமடவென்று ஓடியது பேனா. அடுத்தவன் கண் போவதை எழுத இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அதையும் கிழித்தேன். "ஸ்தான்கா முன்னால் வந்து கிளாஸைப் பிடுங்கி—" இல்லை. அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

ஆகையால் இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது: ஒரு கையில் குப்பி, மறு கையில் கிளாஸ். ஓப்ரென் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெட்கப்பட்டுத் திரும்புகிறார் என்று நினைக்கிறார்கள். வெட்கமும்தான். ஆனால் அவர் ஓரக்கண்ணால் ஸ்தான்காவைப் பார்க்கிறார். அவள் சிரிப்பு நின்றுபோனது அவருக்குத் தெரிகிறது.

"என்ன மனுஷா, என்ன ஆச்சு?" என்கிறாள்.

அவர் பதிலை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.