ஆயுதபூஜைப் படம்

ஞாயிறு, 7 மார்ச் 1982.

மண்ணூர் ரகுபதி அண்ணனின் கடலை உடைக்கும் மிஷினுக்குக் காப்புரிமை மறுத்துவிட்டார்கள். அதேபோல் இரண்டு பழைய மிஷின்கள் உண்டாம். வியாழக்கிழமை ஐகோர்ட்டில் மேல்முறையீடு. பகலில் டிராஃப்ட்ஸ்மேன், மாலையில் சட்ட வகுப்பு என்று இருக்கும் என்னிடம் அண்ணனின் வக்கீல் ஒரு வேலை கொடுத்தார்: மூன்றையும் ஒப்பிட்டு எழுது.

ஒப்பிட்டேன். முதல் பழைய மிஷினில் ஸ்பிரிங் உண்டு, சல்லடை அசையாது. இரண்டாவதில் சல்லடை அசையும், ஸ்பிரிங் இல்லை. அண்ணனுடையதில் சல்லடையே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, பருப்பு நொறுங்காது. பழையவை இரண்டில் எதிலும் இந்த அமைப்பு முழுதாக இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். என் மேல் நம்பிக்கை இல்லாமல் நான்காம் முறையும் பார்த்தேன்.

அப்போதுதான் மேல்முறையீட்டு மனுவின் இணைப்பிலிருந்த புகைப்படம் உறுத்தியது. அண்ணன்தான் கண்டுபிடித்தவர் என்று காட்ட நானே சேர்த்தது. 1979 ஆயுதபூஜை, மிஷினுக்கு மாலை, சுற்றிலும் ஜனம். விண்ணப்பம் போட்டதோ 1980 ஜனவரி. அதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால் அது புதிதல்ல, காட்டியவர் அவரே ஆனாலும்.

சைக்கிளில் மண்ணூர் போனேன்.

"மூடி போட்டுதானண்ணே பூஜை பண்ணீங்க?"

"மூடிய கழட்டாம எப்டிடா பொட்டு வைக்கிறது? ஸ்பிரிங் ஒண்ணொண்ணுக்கும் நான்தான் வச்சேன்."

"ஓட்டினீங்களா?"

அவர் மனைவி சரோஜா உள்ளிருந்து பதில் சொன்னாள். "ஓட்டாம? ஊரே கடலைய துன்னுகினே வேடிக்க பாத்துச்சி. இவரு வேற, உள்ள எப்டி வேல செய்யுதுன்னு ஒவ்வொருத்தருக்கா கிளாஸ் எடுத்தாரு. உன் காலேஜுல கூட அப்டி எடுக்க மாட்டாங்க."

காரணத்தைச் சொன்னேன். அண்ணன் படத்தைக் கையில் வாங்கினார்.

"இத உருவிட்டா?"

"உருவலாம். ஆனா ஜனவரிக்கு முன்னாடி யாருக்கும் காட்டலன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"தோத்துடுவோமா?"

"நிச்சயமாத் தெரியலண்ணே. நான் ரெண்டாம் வருஷம்தான்."

"தெரியாதவனுக்கு மூஞ்சி ஏன்டா இப்டி கீது, நடேசா?"

அவர் படத்தை என் காகிதக் கட்டுக்குள் திரும்பச் செருகினார்.

"பாத்தவங்க அத்தன பேரையும் பாக்கலன்னு சொல்லச் சொல்லவா? வக்கீலாண்ட நீயே சொல்லிடு. என் வாயில வராது."

வீடு திரும்பி, முந்தைய மிஷின்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக எழுதினேன்: ரகுபதி, மண்ணூர், 1979. வக்கீல் இதை அடித்துவிடக்கூடும். தேதிகளை மறுபடி கழித்துப் பார்த்தேன். பூஜைக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே நாலு மாதம்கூட இல்லை.