பூவிழி (எ) லூர்து மேரி

ஆண்டு விழா அறிக்கை எழுதினவர்களைச் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் நிறுத்திவைக்கக் கூடாது, நேரே மோட்சத்துக்கு விட்டுவிட வேண்டும். வேதனையைத்தான் இங்கேயே அனுபவித்தாயிற்றே. பதினேழு வருஷமாக எங்கள் பள்ளியின் அறிக்கையை நான்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு ஜெயராணி டீச்சருக்குக் கையெழுத்து அழகு என்று எந்தப் புண்ணியவானோ ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் என்று ஆகிவிட்டது, வேலை மட்டும் என் தலையைவிட்டு இறங்கவில்லை.

இந்த வருஷம் தலைமையாசிரியை புதிது. சிஸ்டர் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கம், ஜூனில் வந்தவர். நல்ல மனுஷி, ஓயாத மனுஷி. அவர் ஓயாததால் நாங்களும் ஓயவில்லை. கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா, மரம் நடு விழா என்று மாதம் ஒன்று வைத்தார். நட்ட இருபத்தைந்து கன்றுகளில் இருபத்திரண்டை ஆடு தின்றுவிட்டது. "அதையும் போடணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "நட்டது நட்டதுதானே டீச்சர், போடுங்க" என்றார். போட்டேன். முட்டி வலியோடு குழி தோண்டினவள் நான், போடாமல் என்ன செய்வேன்?

அடுத்தது மாணவர் சாதனைகள். ஒரு பக்கமாவது வர வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். இண்டூரிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிற தொடக்கப் பள்ளியில் ஒரு பக்கத்துக்குச் சாதனை எங்கிருந்து வரும்? வெளியே போய் ஜெயித்துவந்த முதல் பரிசு இரண்டே இரண்டு. மாவட்ட அளவிலான தமிழ்க் கையெழுத்துப் போட்டியில் பூவிழி. மறைமாவட்ட அளவிலான மறைக்கல்வித் தேர்வில், அதாவது வேதபாடத்தில், லூர்து மேரி.

இரண்டும் ஒரே பிள்ளை. என் வகுப்புதான், முதல் வரிசை, ஜன்னலோரம்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கோயிலில் ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் வேறு ஒன்று. அவள் அப்பா கோயிலில் ஸ்தனிஸ்லாஸ், ரேஷன் கார்டில் சென்னப்பன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் "லூர்து மேரி, வாசகம் படிக்க வா" என்று கூப்பிடுவோம், திங்கட்கிழமை வகுப்பில் "பூவிழி" என்றால் "உள்ளேன் டீச்சர்" என்பாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். இரண்டு பேரையும் ஒரே ஆளுடையது என்று சேர்த்து எழுதுவதில்லை என்பது இந்தப் பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். பதினேழு வருஷம் நான் அதை மீறியதில்லை.

மீறினது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காலையிலிருந்து எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றி ஏற்றிக் கண் எரிகிறது. மத்தியானம் சாப்பிடவில்லை, சுகர் வேறு இறங்கிவிட்டது. சிஸ்டர் என் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், இந்த லூர்து மேரி யாரு? பதிவேட்டுல அப்படி ஒரு பிள்ளையே இல்லையே?"

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. பேனாவை எடுத்தேன். லூர்து மேரி என்ற பேருக்கு முன்னால் பூவிழி என்று எழுதி, நடுவில் ஒரு (எ) போட்டேன். கல்யாணப் பத்திரிகையிலும் நிலப் பத்திரத்திலும் 'என்கிற' என்பதைச் சுருக்கிப் போடுவோமே, அந்த (எ). சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. அந்தத் தாள் அப்படியே தர்மபுரியில் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கிற நிலையிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை விழா. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், ரோட்டோரக் கேட்டில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. பூவிழியின் படம், கீழே 'இரட்டைச் சாதனை! பூவிழி (எ) லூர்து மேரி, ஐந்தாம் வகுப்பு.' நின்று பார்த்தேன். ஒற்று, கொம்பு, கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பரவாயில்லையே என்று உள்ளே போனேன். என்னை எதால் அடிப்பது?

பதினொரு மணிக்குச் சென்னப்பன் வந்தார். கட்டட வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தார், கை முட்டிவரை சிமெண்ட்.

"டீச்சரம்மா, வாசல்ல என்னங்க அது?"

"ஏங்க, நல்லா இல்லீங்களா? நம்ம பூவிழி படந்தானே?"

"படம் நல்லாத்தாங்க இருக்குது. பேருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அய்யோ சேசுவே" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார். "ஆறாவதுக்கு அரசு விடுதிப் பள்ளியில சீட்டு கெடச்சிருக்குதுங்க. எஸ்.சி. சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் சேத்துக்குவாங்க. போன வாரந்தான் வி.ஏ.ஓ. வூட்டுக்கு விசாரிக்க வந்தாரு. மாதா படத்தக் கழட்டி அரிசி டப்பாவுல போட்டு மூடிட்டு நின்னோமுங்க. வேதக்காரங்கன்னு எழுதிட்டாருன்னா பி.சி. ஆயிடும், சீட்டு போயிடும். சாமி மாறினா சாதி மாறிப்போச்சுன்னு ஆபீஸுல சொல்றாங்க. ஊருக்குள்ள ஒருத்தருக்கும் அது தெரியலீங்களே டீச்சர்."

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன், அவர் உட்காரவில்லை.

"இன்னிக்கு மேடைக்கு அவருதான வர்றாரு?" என்றார்.

ஆமாம். சிறப்பு விருந்தினர் வரிசையில் வி.ஏ.ஓ. பேர் இருக்கிறது. அந்த அழைப்பிதழையும் நான்தான் எழுதினேன்.

"நான் பாத்துக்கறேங்க. நீங்க போங்க" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "விசுவாசத்தை மறைக்கச் சொல்றீங்களா டீச்சர்? அந்தப் பிள்ளை மறைக்கல்வியில முதல் பரிசு. அதைப் போய் ஒளிச்சு வைக்கிறதா? இது பொய் இல்லையா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! பதினேழு வருஷத்துக் கோபம், எந்தத் தலைமையாசிரியையிடமும் காட்டாதது.

"சிஸ்டர், நீங்க மடத்துல சேர்ந்தப்ப பேரை மாத்திக்கிட்டீங்க இல்ல? ஜெசிந்தாவா, உங்கம்மா வெச்ச பேரான்னு உங்களை யாராவது வந்து விசாரிச்சாங்களா? உங்களுக்கு ரெண்டு பேர் இருந்தா அது துறவறம். அந்தப் பிள்ளைக்கு இருந்தா அது பொய்யா?"

சொன்ன பிறகு வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. சிஸ்டர் மேஜைமேல் இருந்த பரிசுப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "என் பழைய பேரு சந்தனமாரி" என்றார். "ஃப்ளெக்ஸை மறைச்சிடுங்க. மேடையில அந்தப் பரிசை வாசிக்க வேண்டாம். கோப்பையை அப்புறமா ஆபீஸ்ல வெச்சுக் கொடுத்துக்கலாம்."

ஸ்டூல் போட்டு ஏறி, 'இரட்டைச்' மேலும் '(எ) லூர்து மேரி' மேலும் வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டினேன். முட்டி கழன்றுவிடும்போல் வலித்தது. கேட்டால் எழுத்துப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தோம். பூவிழியைக் கூப்பிட்டு, "இன்னிக்கு உனக்கு ஒரு பரிசுதான் கண்ணு, கையெழுத்துக்கு" என்றேன். "சரிங்க டீச்சர், அப்பா சொன்னாருங்க" என்றாள். எல்லாரிடமும் சொல்லியாயிற்று என்றுதான் நினைத்தேன். பங்குத்தந்தை சவுரியப்பன் ஃபாதரிடம் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு விழா தொடங்கியது. நான் மைக் முன்னால். அறிக்கையில் மறைக்கல்வி வரியை மட்டும் தாண்டிக்கொண்டு போனேன். வி.ஏ.ஓ. தன் கையாலேயே பூவிழிக்குக் கையெழுத்துக் கேடயம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓரத்தில் நின்றிருந்த சென்னப்பன் கைதட்டினார். அப்பாடா என்று பட்டியலை மடித்தேன்.

அந்த மறைக்கல்விக் கோப்பையை மேடை மேஜையிலிருந்து யார் எடுத்துவைத்திருக்க வேண்டும்? நான்தான். எடுக்கவில்லை.

"ஏம்மா ஜெயராணி, இது நிக்குதே!" என்று ஃபாதர் கோப்பையைத் தூக்கினார். கண்ணில் புரை, ஆபரேஷனை இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் வரிசையில் இருக்கிற முகமே தெரியாது. கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்து, பொறித்திருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, என் மைக்கை வாங்கினார். "மறைக்கல்வியில மறைமாவட்டத்துக்கே முதல் பரிசு! லூர்து மேரி! எங்கம்மா இருக்கே? மேடைக்கு வா!"

யாரும் எழவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்த வி.ஏ.ஓ. நிமிர்ந்தார். பிள்ளைகள் பிள்ளைகள்தானே, என் வகுப்பில் பாதித் தலைகள் பூவிழி பக்கம் திரும்பின. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பூவிழியும் திரும்பினாள். கேடயத்தை மடியில் பிடித்துக்கொண்டு, பின்வரிசையில் யாரையோ தேடுகிற மாதிரி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்ததும் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் பார்க்க ஆரம்பித்தன. பிறகு கேடயத்தை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வருகை எடுக்கும்போது வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லுமே, அதே குரலில் சொன்னாள்.

"லூர்து மேரி இன்னிக்கு லீவுங்க ஃபாதர்."

ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. நான் மைக்கை வாங்கி, "ஆப்சென்ட், ஃபாதர்" என்றேன்.

"அடடா, இன்னிக்குப் பார்த்தா! சரி, வராத பிள்ளைக்கும் ஒரு கைதட்டு குடுங்க" என்றார் ஃபாதர். கூட்டம் தட்டியது. வி.ஏ.ஓ. தட்டினார். பூவிழியும் தட்டினாள்.

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. நன்றியுரை இருந்தது, வாசித்து முடித்தேன்.

வி.ஏ.ஓ. கிளம்பும்போது பூவிழியைக் கூப்பிட்டு, "அருமையான எழுத்து. நல்லாப் படி. உன் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதி அனுப்பிட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவா முடியும்?

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணுங்க. இன்னிக்குப் பொய் சொன்னேன்ல, அதைச் சொல்லணும்."

"சொல்லிடு கண்ணு."

"எதைச் சொல்றதுங்க? லூர்து மேரி லீவுன்னு சொன்னதா, இல்ல தெனமும் பூவிழின்னா உள்ளேன்னு சொல்றதா? ரெண்டுல எதுங்க பொய்?"

"ரெண்டும் உன் பேருதான். ரெண்டுமே பொய் இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். மறைக்கல்வியில் முதல் பரிசு வாங்குகிற பிள்ளை யோசிக்கிற மாதிரிதான் யோசித்தாள்.

"அப்புறம் ஏங்க டீச்சர் ரெண்டும் ஒண்ணா வரக்கூடாது?"

பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். "அப்பா கேட்டுல நிக்கிறாரு, போ" என்று அனுப்பிவிட்டேன்.