சேகர் கேட்ட சொல்

கால்பந்தில் கோலுக்கு முன்னால் நின்று எதிரியை மறிக்கிறவனை ஸ்டாப்பர் என்பார்கள். அவனுக்குக் கிடைக்கிற பேர் எப்போதும் கெட்ட பேர்தான். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவார்கள். தொண்ணூறு நிமிஷம் கோல் விழாமல் காத்தவன் ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், அப்புறம் ஊரே அவன் பேரைச் சொல்லித்தான் திட்டும். இதெல்லாம் தெரிந்தும் அந்த இடத்துக்கு ஆட வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். போலந்தில் ஒருவர் வந்தார், திண்டுக்கல்லில் ஒருவன் வந்தான்.

திண்டுக்கல்காரன் அந்தோணிராஜ். நாகல் நகரில் வீடு. போலந்துக்காரருக்குப் பாஸ்போர்ட்டில் இருந்த பேர் க்ஷெகோஷ். அதைச் சொல்லிப் பார்த்து ஆளாளுக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். சென்னைக்கு வந்த இரண்டாம் நாளே டீமில் எல்லோரும் அவரைச் சேகர் ஆக்கிவிட்டார்கள். அந்தோணிராஜுக்கு எட்டு வயது மூத்தவர் என்பதால் அவனுக்கு மட்டும் சேகரண்ணன். அவரும் அவனைத் தம்பி என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். நாமும் சேகர் என்றே வைத்துக்கொள்வோம்.

நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊரில் பிறந்தவர் சேகர். பதினேழு வயதில் உள்ளூர் கிளப்பில் சேர்ந்து பதினான்கு வருஷம் இரண்டாம் டிவிஷனிலேயே காலம் தள்ளினார். முதல் டிவிஷனில் ஒரே ஒரு சீசன். தேசிய அணி முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். நாலு நாள் பயிற்சி, ஒரு சட்டை, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவரே சிரிப்பார். பிறகு சைப்ரஸில் மூன்று வருஷம் ஆடிவிட்டு, முப்பத்தாறாவது வயதில் சென்னைக்கு வந்தார். இரண்டாம் நிலை லீகில் ஆடிய கிளப் அது. இப்போது அந்தக் கிளப்பே இல்லை, பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்பது வரை ஆடிவிடுவேன் என்று சேகர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடியிருப்பார், உடம்பு அப்படி.

இருவரும் ஜோடியாக நின்றால் எதிராளி உள்ளே வருவது கஷ்டம். அதற்கு ஒரு ரகசியமும் இருந்தது. எதிர் அணிகளில் மணிப்பூர்க்காரர்களும் மிசோரம்காரர்களும் வங்காளிகளும்தான் அதிகம். ஆங்கிலத்தில் கத்தினால் அவர்களுக்கும் புரிந்துவிடும். தமிழில் கத்துவோமே என்று யோசனை சொன்னவன் அந்தோணிராஜ். கீப்பரும் தமிழன் என்பதால் வசதியாகப் போயிற்று. 'ஏறு' என்றால் வரிசையாக முன்னால் நகர வேண்டும். 'ஆளு' என்றால் முதுகுக்குப் பின்னால் ஒருவன் வருகிறான். 'விடு' என்றால் பந்தைத் தொடாதே, கீப்பர் எடுத்துக்கொள்வான். சேகர் இந்த மூன்றையும் தன் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்து, குளிக்கும்போதுகூட சொல்லிப் பார்த்தார்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. அது சொல்லிக்கொடுத்தவனுக்கே உறைக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்து மனுசன் ஒரு நாளைக்கு நூறு தடவை 'விடு' என்பான். சண்டைக்குப் போகிறவனிடமும் விடு, அழுகிறவனிடமும் விடு, பஸ்ஸைத் தவறவிட்டவனிடமும் விடு. வாயில் தானாக வருகிற அந்தச் சொல்லைத்தான் பந்துக்கு என்று அவருக்குக் கொடுத்திருந்தான்.

ஒருநாள் சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சேகர் தன் முதல் கேப்டனைப் பற்றிச் சொன்னார். அவரும் ஸ்டாப்பர்தான். இருபது வருஷம் பந்தைத் தலையால் முட்டி முட்டி ஆடிய மனுசன். நாற்பது தாண்டியதும் யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போய்ப் பார்ப்பாராம். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்கேன் எடுத்தபோது ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர்களும் சொன்னார்கள். நாற்பத்தெட்டு வயதில் பெண்டாட்டியைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார். தனக்கு உலகத்தில் இந்த ஒரு பயம்தான் உண்டு என்றார் சேகர். அந்தோணிராஜ் அதை நன்றாகக் கேட்டுக்கொண்டான். கேட்கவில்லை, மறந்துவிட்டேன் என்றெல்லாம் பின்னால் அவன் சொல்ல முடியாது.

சீசனின் கடைசி ஆட்டம். டிரா ஆனால்கூடப் போதும், கிளப் மேல் லீகுக்குப் போய்விடும். எண்பத்தெட்டு நிமிஷம் வரை கோல் விழவில்லை. எதிர் அணியின் பார்வர்டு ஒருவன் ஆரம்பத்திலிருந்தே சேகரின் சட்டையைப் பிடித்து இழுப்பதும் காலை மிதிப்பதுமாக இருந்தான். சேகர் ஏற்கெனவே ஒரு மஞ்சள் கார்டு வாங்கியிருந்தார். இன்னொன்று வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான். அந்தப் பயல் கடைசியாக விலாவில் முழங்கையால் இடித்தான். சேகர் முகம் சிவந்து அவன் பக்கம் திரும்பினார். அடித்துவிடுவார் என்று அந்தோணிராஜுக்குப் பதறியது. அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"விடு!"

அதே நொடியில் எதிர்ப் பக்கத்திலிருந்து உயரத் தூக்கி அடித்த பந்து சேகரின் தலைக்கு நேராக வந்தது. சொல்லைக் கேட்டவர் தலையைத் தாழ்த்திப் பந்தை விட்டுவிட்டார். கீப்பர் இடத்தை விட்டு அசையவே இல்லை. பார்வர்டு நிதானமாகப் போய்த் தட்டி கோல் போட்டான். அதோடு மேல் லீக்கும் போயிற்று.

உடை மாற்றும் அறையில் கோச் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவ்வளவு லேசான பந்தை ஏன் விட்டாய் என்று சேகரிடம் கேட்டார். தம்பி 'விடு' என்றான், விட்டேன் என்றார் சேகர். எல்லோரும் அந்தோணிராஜைப் பார்த்தார்கள். அடுத்த சீசனுக்கு ஒரு ஸ்டாப்பரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று மேனேஜர் அந்த வாரம்தான் அவன் காதில் போட்டிருந்தார். நடந்ததைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். அவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

"நான் ஒண்ணுமே சொல்லல, கோச்."

ஸ்டேடியத்து இரைச்சலில் தனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றான் கீப்பர். அவன் சொன்னது நிஜம். சேகர் சண்டை போடுவார் என்று அந்தோணிராஜ் எதிர்பார்த்தான். அவரோ அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பி பொய் சொல்ல மாட்டான், எனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்கிறது என்று கோச்சிடம் சொன்னார். ஒரு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கிளப்பிலும் ஆடவில்லை.

அந்தோணிராஜ் இன்னும் இரண்டு சீசன் ஆடினான். கிளப்பை மூடினார்கள். ஊர் திரும்பி, பழனி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் ஆனான். ஆனந்தமேரியைக் கட்டினான். அவளிடம் சேகரண்ணனைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தான், அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. பெரிய வியாழனன்று சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொன்னான். அவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்பினார். சாமியாருக்கென்ன, பந்தை விட்டவர் அவரா? முப்பத்தாறு வயசுக்காரர், எப்படியும் நிறுத்தத்தானே போகிறார் என்று தன் பங்குக்கு அவனும் தன்னை மன்னித்துப் பார்த்தான். பாதி நாள் அது பலித்தது.

ஏழு வருஷம் கழித்து இந்த ஜனவரியில் சேகரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இந்தியா வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் உன்னைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தோணிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்த கையோடு பேகம்பூருக்குப் போய்க் கறி எடுத்துக்கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். ரயிலிலிருந்து இறங்கியவருக்கு முடி நரைத்திருந்தது. நடை மட்டும் அதே ஸ்டாப்பர் நடை. ஆட்டோவில் வரும்போது ரோட்டைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். காரம் கூடிவிட்டதோ என்று ஆனந்தமேரிக்குப் பயம். அவர் வேர்த்து விறுவிறுத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "வெஞ்சனம் வச்சுக்கங்கண்ணே" என்று அவள் கத்திரிக்காயை அள்ளி வைத்தாள். வீட்டில் அண்ணியும் பிள்ளையும் சுகமா என்று கேட்டுச் சொல்லும்படி புருஷனிடம் சொன்னாள். அவன் கேட்டான். அதற்கு அவர் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். நமக்குத் தமிழில் தெரிந்தால் போதும்.

அந்த ஆட்டத்தன்று யாரும் சொல்லாத சொல் தன் காதில் விழுந்ததிலிருந்தே, தன் மூளை கெட ஆரம்பித்துவிட்டதென்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். கேப்டனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதனால்தான் ஆட்டத்தை நிறுத்தினேன். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கிறேன், ஒன்றுமில்லை என்கிறார்கள், கேப்டனுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கார் ஓட்டுவதை விட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பெண்டாட்டி ஏவாவையும் மகளையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். ஒருநாள் அவளைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிடக் கூடாது இல்லையா? போன வருஷம் ஏவா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாள், நல்ல மனுசன்தான். ஞாபகம் இருக்கும்போதே எனக்கு வேண்டிய முகங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். நோட்டில் ஒன்பது பேர் எழுதியிருக்கிறேன், நீ மூன்றாவது ஆள்.

இதைச் சொல்லிவிட்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

அந்தோணிராஜுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஒரு வேலையைத்தான் திருடினோம் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தான். இந்த மனுசனின் மூளையையே அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. சொல்லாமலும் இருந்துவிடலாம். சாயங்காலம் ரயில் ஏறிவிடுவார், கடைசிவரை தம்பி நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். சொன்னால் அண்ணன் என்ற உறவே போய்விடும். சொல்லாவிட்டால் அவர் செத்தும் சாகாமலும் போய் அடுத்த ஆறு பேரிடமும் விடைபெறுவார். பக்கத்தில் மேரி வேறு கரண்டியோடு நிற்கிறாள்.

"அண்ணே, நான் சொன்னேன்."

சேகருக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு கிரவுண்டுல விடுன்னு கத்துனது நான்தான். அவன்கூடச் சண்டைக்குப் போகாதீகன்னுதான் கத்துனேன். பந்தச் சொல்லல. கோச் கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்ணே. எடம் போயிரும்னு பொய் சொல்லிட்டேன்."

தெரிந்த ஆங்கிலத்தில் மறுபடியும் அதையே சொன்னான். அவனுடைய ஆங்கிலம் கிரவுண்டுக்குப் போதும், இதற்குப் போதவில்லை. ஆனாலும் சேகருக்கு விளங்கிவிட்டது. ஆனந்தமேரி கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அடிப்பார் என்று அந்தோணிராஜ் காத்திருந்தான். அடித்தால் நிம்மதியாக இருக்கும் என்று மனசார விரும்பினான்.

"எப்படிச் சொன்னே?" என்றார் சேகர் தெரிந்த தமிழில். "சொல்லு."

அவன் மெதுவாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்குச் சொன்ன மாதிரியே வேண்டும் என்றார். அந்தோணிராஜ் சோற்றுக் கையோடு எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். எதிர்வீட்டு ராமுத்தாய் என்னமோ ஏதோ என்று வாசலுக்கே வந்துவிட்டாள். சேகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுதான்" என்றார். "இதே குரல்."

இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார். என் தலை நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். "நல்லாருக்குண்ணே, அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அழுதுகொண்டே சொன்னான் அந்தோணிராஜ். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகமாக இருந்தது சேகரின் முகம். உடனே சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். குழம்பு பட்ட விரலால் பேர்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பேரில் நிறுத்தினார். பேருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் சிறுமியும் இருக்கிற படம் தெரிந்தது.

அழுத்தவில்லை. போன் வெளிச்சம் அணைகிறவரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க அந்தோணிராஜ் வாயெடுத்தான். சேகர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"போக மாட்டேன்னு ஏவா ரெண்டு வருஷம் அழுதாள், தம்பி" என்றார் ஆங்கிலத்தில். "நான்தான் பெட்டியைத் தூக்கி வெளியே வச்சேன்."